விருந்தெதிர்வார் இல்லா வழி: எட்வர்ட் ஆபியின் ‘டெசர்ட் சாலிடேர்’ நூலை ஆற்றுப்படை நோக்கில் வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கத் தென்மேற்கின் தேசியப் பூங்காக்களைக் காரில் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்த நூல் எட்வர்ட் ஆபியின் ‘டெசர்ட் சாலிடேர்’ (1968). அப்பயணத்தின் அடிப்படைக் குறை சாலை அன்று, வழியில் நிலத்துக்குரியாரைச் சந்திக்க இடமில்லாமையே என்பதையும், அக்குறை ஆபியின் எழுத்திலும் தொடர்வதையும் ஆற்றுப்படை நூல்களின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், ஆற்றுப்படை, தேசியப் பூங்கா, திணை, ஹவசுப்பாய்

சுற்றுச்சாலையின் இலக்கணம்

யூட்டா, அரிசோனா மாநிலங்களின் செம்பாறை நிலத்தைக் காண வருவோருள் பலர் லாஸ் வேகாஸ் நகரில் வாடகைக் கார் எடுத்து, சயான், பிரைஸ் கேன்யன், ஆர்ச்சஸ், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் எனச் சில நாள்களில் சுற்றித் திரும்புகின்றனர். இவ்வளையம் தானாக அமைந்ததன்று. 1930இல் திறக்கப்பட்ட சயான்–மவுண்ட் கார்மல் சுரங்கச்சாலை, சயானைப் பிரைஸ் கேன்யனோடும் கிராண்ட் கேன்யனின் வடகரையோடும் இணைக்கவென்றே வெட்டப்பட்டது. ஒரு மைலுக்குச் சற்று மிகுதியான நீளமுடைய அச்சுரங்கத்தின் பக்கச்சுவரில் பாறையைக் குடைந்து சாளரங்கள் திறக்கப்பட்டன. பாறைக்கழிவை வெளியேற்றவும் காற்றோட்டத்துக்கும் அவை பயன்பட்டன; தொடக்கக் காலத்தில் அவற்றருகே காரை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கவும் இயன்றது. நிற்குமிடத்தையும் நோக்குந் திசையையும் பயணி வருமுன்பே சாலை முடிவு செய்துவிடுகிறது என்பதற்கு அச்சாளரங்களைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1956இல் தொடங்கிய ‘மிஷன் 66’ என்னும் பத்தாண்டுத் திட்டம் இவ்விலக்கணத்தை நாடு முழுவதும் பரப்பியது. பூங்காப் பணித்துறை 1966இல் தன் ஐம்பதாம் ஆண்டை எட்டுவதற்குள் சாலைகள், வாகன நிறுத்தங்கள், பார்வையாளர் மையங்கள் ஆகியவற்றைப் பெருக்குவது அதன் நோக்கம். அதே 1956இல்தான் ஆர்ச்சஸில் பருவகாலக் காவலராக ஆபி பணியேற்றார். அன்று அது தேசிய நினைவிடமாக மட்டுமே இருந்தது. தேசியப் பூங்காவானது 1971இல்.

ஆபியின் எதிர்ப்பும் அதன் எல்லையும்

ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் பெற்ற பட்டறிவை ஒரே பருவமாகச் சுருக்கி எழுதப்பட்டது ‘டெசர்ட் சாலிடேர்’. அதன் நடுவே, பூங்காச் சுற்றுலாவைத் ‘தொழில்மயச் சுற்றுலா’ எனப் பெயரிட்டுத் தாக்கும் இயல் ஒன்றுண்டு. புதிய சாலைக்கு அளவெடுக்க வந்தோர் நட்டுச் சென்ற முளைக்குச்சிகளை அன்றிரவே அவர் பிடுங்கி எறிகிறார். ஆயினும் சாலை வந்துவிடுகிறது. பூங்காக்களுக்குள் கார்களைத் தடை செய்க, மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் குதிரையிலும் செல்க, இயலாதோர்க்குப் பொதுவண்டி விடுக என்பன அவர்தம் பரிந்துரைகள். அன்று கிறுக்குத்தனமாகத் தோன்றிய இக்கருத்தின் ஒரு கூறு, 2000இல் சயான் பள்ளத்தாக்கில் பொதுப்பேருந்து ஓடத் தொடங்கியபோது நடைமுறைக்கு வந்தது.

இவ்வியலே நூலின் உயிர் எனப் பலரும் கொள்வர். அதன் வேகமும் எள்ளலும் மறுக்கவொண்ணாதவை. எனினும் காரிலிருந்து இறங்கிய பயணி யாரைச் சந்திக்க வேண்டும் என்னும் வினாவுக்கு அவ்வியலில் விடையில்லை. பாறையை, ஜூனிப்பர் மரத்தை, மௌனத்தைச் சந்திக்கலாம். மனிதர் இல்லாமை அங்கே குறையாக அன்று, பேறாகவே சுட்டப்படுகிறது. கால்நடைப் பண்ணையாளர் ஒருவரும் அவரிடம் வேலை செய்யும் பாஸ்க் தொழிலாளி ஒருவரும் நூலில் உயிரோட்டத்துடன் வருகின்றனர். நவஹோ மக்களோ பெரும்பாலும் வறுமை, மக்கட்பெருக்கம் ஆகியன பற்றிய வாதத்தின் பொருளாகவே வருகின்றனர்.

ஆற்றுப்படையின் வழி

பரிசில் பெற்றுவந்தவன், பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. அவன் சொல்லும் வழி நிலக்காட்சிகளின் தொகுப்பன்று. சிறுபாணாற்றுப்படையில் நெய்தலுக்குரிய எயிற்பட்டினமும் எயினர் வாழும் வேலூரும் மருதத்து ஆமூரும் அவ்வந்நிலத்தார் படைக்கும் உணவோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. பரதவர் சுட்ட மீன் தருவர்; எயினர் புளிச்சோற்றோடு ஆமான் இறைச்சி தருவர்; உழவர் வெண்சோற்றோடு நண்டுக் கலவை தருவர். மலைபடுகடாம் இன்னும் நுட்பமானது. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், வழுக்குமிடம் என வழியின் இடர்களை அது விரித்துரைக்கிறது. அவ்விடர்களில் சில அந்நிலத்தில் மக்கள் பயிர்செய்து வாழ்வதால் விளைபவை என்பது நோக்கத்தக்கது. நன்னனைக் காணச் செல்வோர் எனச் சொன்ன அளவிலேயே அங்கு விருந்து கிடைக்கும்.

இவ்வொப்பீட்டை மிகைப்படுத்தலாகாது. ஆற்றுப்படையின் குறவரும் எயினரும் தாமே பேசுவதில்லை. புரவலன் நாட்டு வளத்தைக் காட்டப் புலவர் அவர்களைப் பேசவைக்கிறார். பெரும்பாணாற்றுப்படையின் பெருவழியில் சுங்கம் கொள்வோர் காவலும் உண்டு. ஆயினும் நிலத்தை அறிவதென்பது அந்நிலத்தார் கையால் உண்பதே என்னும் எடுகோள் அந்நூல்களில் அசையாமல் நிற்கிறது. பூங்கா வழிகாட்டி நூல்களில் இல்லாதது அதுவே.

தமிழில் சூழலியல் திறனாய்வு செய்வோர் இத்தகைய நூல்களை எடுத்த எடுப்பில் ‘பாலை’ எனப் பெயரிடுவதும் பொருந்தாது. தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும். மழை குறைந்த யூட்டாவின் பாறைநிலம் திரிந்ததன்று. அதன் இயல்பே அது. திரிந்தது வேறிடத்தில். 1963இல் மதகுகள் மூடப்பட்ட கிளென் கேன்யன் அணையால் நீருள் மூழ்கிய பள்ளத்தாக்கும், மக்களை வெளியேற்றி ஆளில்லாததாக ஆக்கப்பட்ட பூங்கா நிலமுமே திரிந்தவை. முன்னதற்காக ஆபி நெஞ்சுருகி இரங்குகிறார்; மூழ்குமுன் அவ்வாற்றில் படகில் சென்ற நாள்களைப் பற்றிய இயல் நூலின் மிகச் சிறந்த பகுதி. பின்னதற்கு அத்தகைய இரங்கல் எழவில்லை.

ஹவசு

இதற்கு நூலுக்குள்ளேயே சான்றுண்டு. நண்பர்களோடு லாஸ் ஏஞ்சலிஸ் செல்லப் புறப்பட்ட ஆபி, இடையில் கிராண்ட் கேன்யனின் கிளைப்பள்ளத்தாக்கான ஹவசுவில் இறங்கி ஐந்து வாரம் தங்கிவிடுகிறார். அது ஹவசுப்பாய் மக்களின் ஊரான சுப்பாய் அமைந்த இடம். அவரோ ஊரை விட்டு விலகி, கைவிடப்பட்ட சுரங்கத்தொழில் முகாமின் குடிலொன்றில் தனித்திருக்கிறார். அவ்வியலின் உச்சம், குறுக்குவழி தேடிப் பாறை இடுக்கில் சிக்கி, செத்துவிடுவோமென்று அஞ்சி, பின் ஏறித் தப்பிய நிகழ்ச்சி. உரைநடையாக அது மிக உயர்ந்தது. ஆனால் மலைபடுகடாத்தின் கூத்தர் அவ்விடுக்கில் இறங்கியிருக்கமாட்டார்; எங்கு இறங்கலாகாது என்பதை அவ்வழியை அறிந்தவன் முன்பே சொல்லியிருப்பான். கேட்பதற்கு ஆபிக்கும் ஓர் ஊரே அருகில் இருந்தது.

அதனினும் முக்கியமானது, அவர் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கும் செய்தி: மேல்விளிம்பிலிருந்து ஊருக்குப் பாறையை வெடித்துச் சாலையிடும் முன்மொழிவை ஹவசுப்பாய் மக்கள் ஏற்கவில்லை. ஆர்ச்சஸில் இரவோடு இரவாக முளைக்குச்சி பிடுங்கியும் ஆபியால் தடுக்க முடியாததை, அவர்கள் கூடிப் பேசித் தடுத்திருக்கின்றனர். சுப்பாய்க்கு இன்றும் சாலை இல்லை. ஏறத்தாழ எட்டு மைல் நடந்தே இறங்க வேண்டும், அஞ்சலும் கோவேறு கழுதை முதுகில்தான் வருகிறது. சாலைக்கு எதிரான வாதத்தின் வலுவான சான்று தொழில்மயச் சுற்றுலா பற்றிய இயலில் மைய இடம் பெறாமல், தனிமை பற்றிய இயலின் ஓரத்தில் கிடக்கிறது. ‘டெசர்ட் சாலிடேர்’ தன் சிறந்த துணைவரை அடையாளம் காணாமற் போன இடம் இது.

கிராண்ட் கேன்யனின் பள்ளத்தில் ஹவசுப்பாய் மக்கள் பயிர்செய்த இடத்திலிருந்து அவர்களுள் இறுதியானவர் 1928இல் வெளியேற்றப்பட்டார். 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் நிலத்தை அவர்களுக்கு மீட்டளித்தது. ‘இந்தியன் கார்டன்’ என வழங்கிய அவ்விடம் 2022இல் ‘ஹவசுப்பாய் கார்டன்ஸ்’ எனப் பெயர் பெற்றது. பெயர்ப்பலகை மாறியது பெரிதன்று எனலாம். ஆனால் பயணி பலகையை வாசிக்கும்போது, அது யாருடைய தோட்டம் என்னும் வினா முதன்முறையாக எழுகிறது.

அரிசோனாவின் கேன்யன் டி ஷேயில் அவ்வினா எழுவதில்லை. விடை கண்முன்னே இருக்கிறது. 1931இல் தேசிய நினைவிடமான அப்பள்ளத்தாக்கின் நிலம் நவஹோ நாட்டினருடையது. 1864இல் படையால் துரத்தப்பட்டுத் தொலைவுக்கு நடத்திச் செல்லப்பட்டவர்கள், 1868 உடன்படிக்கைக்குப் பின் தம் நாட்டுக்குத் திரும்பினர். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இன்றும் குடும்பங்கள் பயிர்செய்கின்றன. விளிம்புச்சாலையில் காரை நிறுத்தி எவரும் எட்டிப் பார்க்கலாம்; கீழே செல்ல, வெகுசில விலக்குகள் தவிர, நவஹோ வழிகாட்டி ஒருவர் உடன்வர வேண்டும்.