ஓடுவது குதிரையா, பிறந்த ஊரா?

2025 நவம்பரில் கலிஃபோர்னியாவின் டெல் மார் திடலில் ஃபாரெவர் யங் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்றது. ஜப்பானியக் குதிரை ஒன்று அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. அன்றுமுதல் ஜப்பானின் பழைய பாதுகாப்புக் கொள்கைக்குப் புதிய வழக்கறிஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்த குதிரைகளுக்குப் பெரிய பந்தயங்களை மூடிவைத்தார்கள், உள்நாட்டுக் குதிரை வலுப்பெற்றதும் திறந்தார்கள், அதனால்தான் இன்று உலகை வெல்கிறார்கள் என்பது வாதம். சிறிய நாடுகளும் சிறிய திடல்களும் இதையே பின்பற்றலாம் என்ற அறிவுரையும் கூடவே வருகிறது. ஜப்பானியப் பந்தய வரலாற்றை இதைவிடத் தவறாகப் படிக்க முடியாது.

கொள்கைக்கு ஒரு நியாயம் இருந்ததை மறுக்கவில்லை. 1971இல் பந்தயக் குதிரை இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது ஹொக்கைடோவின் ஹிடாகா பகுதியில் குடும்பமாக நாலைந்து பெட்டைக்குதிரைகளை வைத்துப் பிழைத்தவர்களின் அச்சம் பொய்யல்ல. இனச்சேர்க்கைக்கும் மூன்று வயதுக் குதிரைகள் ஓடும் டெர்பிக்கும் இடையே நான்கு ஆண்டுகள். அத்தனை காலம் பணத்தை முடக்குபவனுக்குச் சந்தை இருக்கும் என்ற உறுதி வேண்டும். 1981இல் முதல் ஜப்பான் கோப்பையில் முதல் நான்கு இடங்களையும் வெளிநாட்டுக் குதிரைகள் பிடித்தபோது, உள்ளூர்க் குதிரை எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதும் தெரிந்தது. பாதுகாப்பு தேவைப்பட்டது. சரி.

ஆனால் அந்தப் பாதுகாப்பை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் நெடுநாளாக எனக்குள்ள மறுப்பு. பரிசுப் பணத்தில் வைத்திருக்கலாம். உள்நாட்டில் பிறந்த குதிரைக்குக் கூடுதல் ஊக்கத்தொகை தரும் முறை ஜப்பானிலேயே உண்டு. அதோடு நில்லாமல் ஓட்டம் தொடங்கும் வாசலிலேயே வைத்தார்கள். ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த குதிரை எது என்று கண்டுபிடிக்கவே ஏற்பட்டது டெர்பி. அதில் ஓட வருகிற குதிரையிடம் நீ எங்கே பிறந்தாய் என்று கேட்கத் தொடங்கிய நாளில் அந்தப் பந்தயம் தன் வேலையை விட்டுவிட்டது.

அப்படி வாசலில் நிறுத்தப்பட்ட மருசென்ஸ்கி என்ற குதிரை வெளிநாட்டில்கூடப் பிறக்கவில்லை. 1970இல் இங்கிலாந்தின் மும்முடியை வென்ற நிஜின்ஸ்கியின் வாரிசைச் சுமந்திருந்த பெட்டையை அமெரிக்க ஏலத்தில் வாங்கி ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். 1974இல் குட்டி விழுந்தது ஜப்பானிய மண்ணில். ஆனால் வயிற்றில் இருந்தபடி வந்த குட்டிகளையும் அன்றைய விதி வெளிநாட்டுக் குதிரைகளோடு சேர்த்தே எண்ணியது. எட்டு ஓட்டங்கள், எட்டும் வெற்றி. அந்த வெற்றிகளின் இடைவெளியைக் கூட்டினால் 61 குதிரை நீளம். 1977 டெர்பியில் மருசென்ஸ்கிக்கு இடமில்லை. பரிசுப் பணம் வேண்டாம், கடைசி வாசலிலிருந்து, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் ஓடவிட்டால் போதும் என்று அதன் ஜாக்கி கேட்டதாக இன்றும் சொல்வார்கள். விடவில்லை. அந்தக் கோடையில் வேறொரு பந்தயத்தில் மருசென்ஸ்கி ஏழு நீளத்தில் தோற்கடித்த பிரெஸ் தோகோதான் இலையுதிர்காலத்தில் மும்முடியின் கடைசிப் பந்தயமான கிக்குகா ஷோவை வென்றது. அந்த வெற்றியின் மதிப்பு என்ன என்பது திடலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வென்ற குதிரைக்கும் இதில் அநீதிதான். அது வென்ற பட்டத்தை யாரும் முழுமனதோடு ஒப்புக்கொள்ள முடியாமல் போயிற்று.

பதினோரு ஆண்டு கழித்து வந்தது ஒகுரி கேப். கசமத்சு என்ற மாகாணத் திடலில் பன்னிரண்டு ஓட்டங்களில் பத்தை வென்று, 1988 தொடக்கத்தில், டெர்பி போன்ற பெரும் பந்தயங்களை நடத்தும் மத்திய அமைப்புக்கு மாறியது. பிறப்பால் குறையொன்றுமில்லை, அசல் ஜப்பானியக் குதிரை. ஆனால் மாகாணக் குதிரையாக இருந்ததால், மும்முடிப் பந்தயங்களுக்கு முன்கூட்டியே கட்டவேண்டிய பதிவுத்தொகையை யாரும் கட்டியிருக்கவில்லை. எனவே அதற்கும் இடமில்லை. மார்ச் மாதம் ஒகுரி கேப்பிடம் தோற்ற யாயெனோ முத்தெகி அடுத்த மாதமே மும்முடியின் முதல் பந்தயமான சத்சுகி ஷோவை வென்றது. இந்த அவமானத்துக்குப் பிறகுதான் பிந்திப் பதிவு செய்யும் வழியை 1992இல் திறந்தார்கள். 1988 டெர்பியை வென்ற சகுரா சியோனோ ஓ யாருடைய மகன் என்று பாருங்கள்: மருசென்ஸ்கியின் மகன். தகப்பனின் கால்கள் டெர்பிக்குத் தகுதியற்றவை, இரத்தம் மட்டும் தகுதியானது!

1998இல் நடந்தது இன்னும் வெளிப்படை. அமெரிக்காவில் பிறந்த எல் கொண்டோர் பாசாவும் கிராஸ் வொண்டரும் வாசலுக்கு வெளியே நிற்க, டெர்பியை வென்றது ஸ்பெஷல் வீக். அது நல்ல குதிரை என்பதில் ஐயமில்லை, அடுத்த ஆண்டு ஜப்பான் கோப்பையில் பிரான்ஸின் மோஞ்சுவையே தோற்கடித்தது. ஆனால் டெர்பி முடிந்த ஆறே மாதத்தில், 1998 ஜப்பான் கோப்பையில் எல் கொண்டோர் பாசா முதலாவதாகவும் ஸ்பெஷல் வீக் மூன்றாவதாகவும் வந்தன. 1999இல் கிராஸ் வொண்டர் ஸ்பெஷல் வீக்கை இரண்டு பெரிய பந்தயங்களில் முந்தியது. எல் கொண்டோர் பாசா பாரிஸுக்குப் போய் ஆர்க் பந்தயத்தில் மோஞ்சுவிடம் அரை நீளத்தில் மட்டுமே தோற்றது. ஐரோப்பாவின் உச்சப் பந்தயத்தில் இரண்டாவதாக வரத் தெரிந்த குதிரைக்குத் தன் நாட்டு டெர்பியில் ஓட உரிமையில்லை. இதைத் தேசப்பற்று என்றார்கள்.

2001இல் டெர்பி வெளிநாட்டில் பிறந்த குதிரைகளுக்கும் திறந்தது, அதுவும் ஒரு சில இடங்கள் மட்டும். அமெரிக்காவில் பிறந்த ஒரு குதிரைக்கு அதன் உரிமையாளர் குரோஃபுனே என்று பெயர் வைத்திருந்தார். 1853இல் ஜப்பானின் வாசலைத் தட்டிய அமெரிக்கக் கறுப்புக் கப்பல்களின் பெயர் அது. அந்த டெர்பியில் குரோஃபுனே ஐந்தாவது. வென்றது ஜப்பானில் பிறந்த ஜங்கிள் பாக்கெட். அன்றிலிருந்து 2025 வரை ஒரு டெர்பியைக்கூட வெளிநாட்டில் பிறந்த குதிரை வெல்லவில்லை. வரப்போவதாகச் சொன்ன வெள்ளம் வரவே இல்லை. 2004இல் டெர்பியை வென்ற கிங் கமேஹமேஹா மருசென்ஸ்கியைப் போலவே தாய் வயிற்றில் இருந்தபடி ஜப்பானுக்கு வந்த குட்டி. 1977இன் விதி நீடித்திருந்தால் அதுவும் வெளியேதான் நின்றிருக்கும். அதன் வழித்தோன்றல்கள் இல்லாத இன்றைய ஜப்பானிய இனவிருத்தியை நினைத்துப் பார்க்கவே முடியாது.

கதவு மூடியிருந்ததால்தான் 2001க்குள் வலுப்பெற்றார்கள் என்று மறுமொழி வரும். எதனால் வலுப்பெற்றார்கள்? 1989இல் கென்டக்கி டெர்பியை வென்ற சண்டே சைலன்ஸை அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்ததால். அதன் பேரனின் மகன்தான் ஃபாரெவர் யங், தாயும் அமெரிக்கப் பெட்டை. பொலிக்குதிரைக்கும் சினைப்பெட்டைக்கும் கதவு அகலத் திறந்திருந்தது. ஓடுகிற கால்களுக்கு மட்டும் மூடியிருந்தது. அப்படியானால் பாதுகாக்கப்பட்டவர் யார்? அமெரிக்க ஏலத்தில் கோடிகளைக் கொட்டி இரத்தத்தை வாங்க முடிந்தவர். யொஷிதா குடும்பத்தின் ஷதாய் பண்ணைகள் அதைத் திறமையாகச் செய்தன, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹிடாகாவின் சிறு விவசாயியால் அது முடியாது. அவன் பெயரைச் சொல்லி மூடிய கதவு, அவனுடைய மிகப் பெரிய போட்டியாளருக்கு மதிலாக நின்றது. பெரிய பந்தயங்களின் முடிவுப் பட்டியலில் இன்று ஒரே குடும்பத்தின் பண்ணைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

மாகாணத் திடல்களைக் காட்டி எழும் வாதம் இதைவிடக் கனமானது. டோக்கியோவின் ஓயி திடலில் மண்தரை மும்முடி முழுவதையும் 2024இல் மத்தியக் குதிரைகளுக்குத் திறந்தார்கள். முதல் ஆண்டிலேயே மூன்று பந்தயங்களும் மத்தியக் குதிரைகளுக்கே போயின, கடைசியை வென்றது ஃபாரெவர் யங்தான். முந்தின ஆண்டு மாகாணக் குதிரையான மிக் ஃபயர் தோல்வியே அறியாமல் மும்முடி சூடியபோது இருந்த குதூகலம் இனி வருமா என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் பூட்டிவைத்த பந்தயங்கள் எந்தத் திடலைக் காப்பாற்றின? நகட்சு 2001இல் மூடியது, மசுதா 2002இல், கமினோயாமா 2003இல், தகசாகி 2004இல், உத்சுனோமியா 2005இல், அராவோ 2011இல், ஃபுகுயாமா 2013இல். உள்ளூர்ப் பட்டங்கள் உள்ளூர்க் குதிரைக்கே என்றிருந்த காலத்திலேயே இத்தனையும் அழிந்தன. ஜப்பானின் கொச்சித் திடல் பிழைத்தது இரவுப் பந்தயத்தாலும் இணையவழிப் பந்தயச் சீட்டு விற்பனையாலும். மாகாணக் குதிரைகளின் பெருமைமிக்க நாட்களோ கதவு திறந்ததால் வந்தவை. இவாத்தேயின் மேய்செய் ஒபெரா 1999இல் மத்திய அமைப்பின் பெப்ரவரி ஸ்டேக்ஸை வென்றதும், ஹொக்கைடோவின் காஸ்மோ பல்க் 2004 ஜப்பான் கோப்பையில் இரண்டாவதாக வந்ததும் அப்படித்தான்.

மத்தியக் குதிரைகள் வெல்வதற்குப் பிறப்பு காரணமில்லை, இரண்டும் ஒரே பண்ணைகளிலிருந்தே வருகின்றன. விலையுயர்ந்த குட்டிகள் பரிசுப் பணம் அதிகமுள்ள இடத்துக்குப் போகின்றன. அங்கே அவற்றுக்குப் பயிற்சி வசதியும் கிடைக்கிறது. மேற்கு ஜப்பானின் ரித்தோ பயிற்சி மையத்தில் 1985இல் ஏற்றப்பாதை போட்டபிறகு அங்குள்ள லாயங்கள் கிழக்கு ஜப்பானின் லாயங்களை எப்படிப் பின்தள்ளின என்பது திடலுக்குப் போகும் எல்லோரும் அறிந்தது. அதற்காகப் பெரிய பந்தயங்களை மேற்குக் குதிரைகளுக்கு யாரும் மூடவில்லை. ஹிடாகாவிலேயே இருக்கும் மொன்பெத்சு மாகாணத் திடலும் கூரை வேய்ந்த ஏற்றப்பாதை ஒன்றைக் கட்டியது. அங்கே வளரும் இரண்டு வயதுக் குதிரைகள் பிற மாகாணத் திடல்களுக்குப் போய் வென்று வருகின்றன. ஓயியின் மும்முடியில் வெளிநாட்டில் பயிற்சி பெற்ற குதிரைக்கு இன்னும் இடமில்லை. அந்தத் தடையை நீட்டிக்கச் செலவிடும் வாதத் திறமையை எல்லாம் மற்றத் திடல்களுக்கும் இப்படியொரு பாதையைக் கேட்பதில் செலவிட்டிருந்தால், மிக் ஃபயருக்குப் பின் இன்னொரு மாகாணக் குதிரையைப் பற்றி இந்நேரம் பேசிக்கொண்டிருப்போம்.