ஸுலைஹாவுக்கு எதற்கு மீண்டும் இளமை?

கடந்த நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து வீடு வந்த பிறகு, நானும் மனைவியும் மகளும் ஒரு தொலைக்காட்சித் தொடரை இரவுக்கு இரண்டு பாகம் என்று பார்த்து முடித்தோம். ஈரானியத் தொலைக்காட்சி 2008இல் ஒளிபரப்பிய யூசுப் நபி தொடர் அது. மொத்தம் 45 பாகங்கள். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தமிழ்க் குரல் சேர்த்த பிரதியைப் பென் டிரைவில் தந்திருந்தார்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் அந்தக் காட்சி வந்தது. கண்பார்வை இழந்து, கிழவியாகித் தெருவோரம் நிற்கும் ஸுலைஹாவுக்கு யூசுப் நபியின் துஆவினால் பார்வை திரும்புகிறது. அத்தோடு இளமையும் அழகும் திரும்புகின்றன. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாம் ஆண்டு படிக்கும் மகள் மட்டும் என் பக்கம் திரும்பி, “வாப்பா, அவ கெழவியாவே இருந்தா அவட தௌபா கபூலாகியிருக்காதா?” என்று கேட்டாள்.

அன்றிரவு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடரை நெறிப்படுத்தியவர் ஃபரஜுல்லாஹ் ஸலஹ்ஷூர். குகைத் தோழர்களின் வரலாற்றையும் தொடராக்கியவர், 2016இல் காலமானார். யூசுபாக முஸ்தபா ஸமானியும் ஸுலைஹாவாக கதாயூன் ரியாஹியும் நடித்திருக்கிறார்கள். நபிமார்களின் முகத்தை நடிகர் ஒருவரின் முகமாகக் காட்டலாமா என்ற கேள்வி இருக்கிறது. கெய்ரோவின் அல்-அஸ்ஹர் இத்தகைய சித்திரிப்பை ஏற்பதில்லை. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். ஒரு கதை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குப் போகும்போது எதைக் கொண்டுபோகிறது, எதைக் கைவிடுகிறது என்பதையே என்னால் பேச முடியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். மயக்கும் பெண்ணைத் திரையில் காட்டுவதற்கு இந்தியச் சினிமாவுக்கு ஓர் எளிய வழி உண்டு: பாட்டு, ஆட்டம், உடை. 1955இல் வந்த ‘குலேபகாவலி’யில் சூதாட்டத்தில் ஆண்களைத் தோற்கடித்து அடிமையாக்கும் அழகியாக டி.ஆர். ராஜகுமாரி வருவார். மூலக்கதையில் அவளுடைய வெற்றியின் இரகசியம் ஒரு பூனையும் எலியும்தான். விளக்கைத் தாங்கும் பூனை, காயைப் புரட்டும் எலி. அழகு எதிராளியின் கண்ணைக் கட்டும், எலி மீதியைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் உம்மாமார் படம் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் இந்தக் கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

ஈரானிய நடிகைக்கு அந்த வழி கிடையாது. தலைமுடி தெரியக் கூடாது. ஆண் நடிகரைத் தொடக் கூடாது. ஆகவே ரியாஹி எல்லாவற்றையும் கண்ணாலும் குரலாலும் செய்கிறார். ஒரு கட்டளையை வேண்டுகோள் போலவும், ஒரு வேண்டுகோளைக் கட்டளை போலவும் சொல்கிறார். யூஸார்சிஃப் என்று எகிப்தியர் பெயரிட்டு அழைக்கும் சிறுவனைத் தன் மாளிகையில் வளர்த்தவள், அவன் இளைஞனானதும் வேறு பார்வை பார்க்கத் தொடங்கும் மாற்றத்தை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார். கட்டுப்பாடுதான் இங்கே நடிப்பைக் கூர்மையாக்கியிருக்கிறது.

குறை, கதை சொன்ன விதத்தில் இருக்கிறது.

அல்-குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் 111 வசனங்களில் இந்த வரலாற்றைச் சொல்கிறது. அங்கே அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. யூசுப் எவளுடைய வீட்டில் இருந்தாரோ அவள் என்றுதான் முதலில் அறிமுகமாகிறாள். இதை நான் பல வருடம் கவனிக்காமல் ஓதியிருக்கிறேன். வீடு அவளுடையது. அவர் அந்த வீட்டுக்கு விலைக்கு வாங்கப்பட்டவர். கதவுகளைச் சாத்தும் அதிகாரம் அவளிடம் இருக்கிறது. அகப்பட்டதும் ஒரு நொடியில் குற்றத்தை அவர்மேல் போட்டு, சிறைத் தண்டனையையும் அவளே முன்மொழிகிறாள். சட்டை பின்புறம் கிழிந்திருப்பதை வைத்து அவளுடைய வீட்டாரில் ஒருவரே உண்மையைக் காட்டிக் கொடுக்கிறார். பிறகு நகரத்துப் பெண்களை விருந்துக்கு அழைத்துக் கையில் கத்தி கொடுக்கிறாள். அவர்கள் கையை வெட்டிக்கொண்டு நிற்கையில், சொன்னபடி செய்யாவிட்டால் சிறைதான் என்று எல்லார் முன்னிலையிலும் மிரட்டுகிறாள். அத்தாட்சிகளைக் கண்ட பின்னும் அவரைச் சிறையில் போடவே பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த அளவில், மோகத்தைவிட அதிகாரத்தைப் பற்றியே இந்தப் பகுதி அதிகம் பேசுகிறது. அவளுடைய ஆசை ஒரு பலவீனம். அந்த ஆசைக்காகத் தன் கீழ் இருந்தவரின் வாழ்வை அழிக்கத் துணிந்ததே அவளுடைய குற்றம். தொடரோ அழகையும் மோகத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்து, எசமாட்டி என்ற உண்மையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. பல பாகங்கள் அவளுடைய ஏக்கத்தில் கழிகின்றன. அடிமையின் நிலையில் இருந்து அந்த வீட்டைப் பார்க்கும் நேரம் குறைவு.

இது வெறும் இரசனை விவகாரம் அல்ல. சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் ஒரு சிறிய கூட்டத்தில் நான் இருந்தேன். ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற தோட்டத்துப் பிள்ளை, அந்த வீட்டு ஆணைப் பற்றி ஒரு முறைப்பாடு சொல்லியிருந்தாள். விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், பெண்களின் சூழ்ச்சி பெரியது என்று குர்ஆனே சொல்கிறதே என்றார். கூட்டம் அத்தோடு முடிந்துவிட்டது. நானும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை அடுத்த கிழமை ஊரை விட்டுப் போய்விட்டாள்.

அந்த வார்த்தையைச் சொன்னது யார்? கதைக்குள் அது ஓர் ஆண் பாத்திரத்தின் பேச்சு. பெரும்பாலும் கணவன் சொன்னதாக, சிலர் கருத்துப்படி சாட்சி சொன்னவர் சொன்னதாகக் கொள்ளப்படுகிறது. பாத்திரத்தின் கூற்றையும் நூலின் தீர்ப்பையும் பிரித்தறிய வேண்டும் என்று சாதாரண தர வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் படிப்பிக்கிறோம். மேலும், அந்தக் கதையில் பொய் சொன்னது வீட்டுக்கு உரியவள். பொய்க்கு ஆளானது வேலைக்கு நின்றவர். அன்றைய கூட்டத்தில் யூசுபின் இடத்தில் நின்றது அந்தத் தோட்டத்துப் பிள்ளை. இதை நான் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன்.

அம்பிட்டியவில் குடியிருப்பவர்களுக்குக் கிறிஸ்தவக் குருமடம் புதிதல்ல. 1893இல் தொடங்கிய பாப்பரசர் குருமடம் 1955இல் இந்தியாவின் பூனாவுக்குப் போய்விட்டது. தேசிய குருமடம் இன்றும் இங்கே இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு தம்பியோடு பஸ்ஸில் பேசிக்கொண்டு போகையில் இந்தக் கதை வந்தது. அவர்களுடைய ஆதியாகமத்தின் 39ஆம் அதிகாரத்திலும் அவளுக்குப் பெயர் இல்லை. போத்திபாரின் மனைவி, அவ்வளவுதான். பொய் சொல்கிறாள், யோசேப்பு சிறைக்குப் போகிறார், அவள் கதையிலிருந்து மறைந்துபோகிறாள். திரும்பி வருவதில்லை.

குர்ஆனில் அவள் திரும்பி வருகிறாள். அரசன் கனவுக்கு விளக்கம் கேட்டு யூசுபை விடுவிக்க ஆள் அனுப்பும்போது, கையை வெட்டிக்கொண்ட பெண்களின் விஷயம் என்னவென்று விசாரிக்கும்படி தூதரைத் திருப்பி அனுப்புகிறார் அவர். விசாரணை நடக்கிறது. அங்கே அவள் எழுந்து, உண்மை இப்போது வெளிப்பட்டுவிட்டது, அவரை வசப்படுத்த முயன்றவள் நானே, அவர் உண்மையாளர் என்று ஒப்புக்கொள்கிறாள். அடுத்து வரும், மனம் தீமையைத் தூண்டக்கூடியது என்ற கருத்துடைய வசனத்தை யூசுபின் கூற்றாகக் கொள்வோர் உண்டு. அதையும் அவளுடைய கூற்றாகக் கொள்வதே பொருத்தம் என்பது இப்னு கஸீரின் கருத்து. பிறகு அவளைப் பற்றிப் பேச்சில்லை. கலியாணமும் இல்லை, இளமையும் இல்லை.

அப்படியானால் அந்தக் கிழவியும் மீண்ட இளமையும் எங்கிருந்து வந்தன? விளக்கவுரைகளோடு கலந்த பழங்கதைகளிலிருந்தும், பாரசீகக் கவிஞர் ஜாமி 1483இல் முடித்த காவியத்திலிருந்தும் வந்தவை. தமிழிலும் கூத்தாநல்லூர்க் கவிஞர் சாரணபாஸ்கரன் ‘யூசுப் ஜுலைகா’ பாடியிருக்கிறார். ஜாமியிடம் அவள் தன் விக்கிரகத்தை உடைத்த பிறகே இளமை திரும்புகிறது. சூபிக் கவிஞருக்கு அந்த இளமை ஆன்மாவின் குறியீடு. வாசிக்கிறவர் அதை மனத்தால்தான் காண்கிறார். கமரா குறியீட்டைக் காட்டாது, முகத்தைத்தான் காட்டும். திரையில் நாம் கண்டது ஒப்பனை கலைந்து ஒரு நடிகை மீண்டும் அழகானதை.

குலேபகாவலியும் இங்கேதான் நினைவுக்கு வருகிறது. அந்த மாயக்கதையில் குருடான அரசனுக்கு ஒரு பூவால் பார்வை கிடைக்கும். நமது வரலாற்றிலும் பார்வை திரும்பும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆனால் அது மகனுக்காக அழுது கண் வெளுத்த யஃகூப் நபிக்கு உரியது, மகனின் சட்டையால் கிடைப்பது. அந்தச் சட்டைக்குக் கதை முழுவதும் வேலை இருக்கிறது: பொய் இரத்தம் பூசப்பட்டது ஒன்று, பின்புறம் கிழிந்தது ஒன்று, கண்ணில் போடப்பட்டது ஒன்று. அதற்கு நிகராக ஸுலைஹாவுக்கும் ஒரு பார்வை கொடுத்தபோது தொடர் வரலாற்றிலிருந்து இறங்கி மாயக்கதையின் தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டது. மாயக்கதை எனக்குப் பகையல்ல. நமது கண்டியின் சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பேயுடைய கதை’யும் கடத்தப்பட்ட எகிப்தியப் பிள்ளையின் அற்புதக் கதைதான். ஆனால் அற்புதம் எதற்குக் கூலியாகக் கொடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

தொடரும் அந்த ஒப்புதலை விட்டுவிடவில்லை. ஆனால் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பாடசாலை ஆசிரிய அறையில் நான் கேட்டேன். எல்லாருக்கும் இளமை திரும்பியது நினைவிருக்கிறது. அரசவையில் அவள் உண்மை சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை. ஓர் அந்தஸ்துள்ள பெண், தான் சிறையிலிட்ட அடிமைக்காக, தன் மானம் போவது தெரிந்தே ஊர் முன் பேசிய அந்தக் கணம்தான் அவளுடைய மீட்சி. அதற்குப் பிறகு அவளுக்கு எந்தப் பரிசும் தேவையில்லை.

மகளுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: அவள் கிழவியாகவே இருந்திருக்கலாம் மகள். தௌபாவுக்கு முகம் தேவையில்லை. அவள் செய்த பெரிய காரியம், தான் கெடுத்த ஒருவரின் பெயரைத் தன் வாயாலேயே மீட்டுக் கொடுத்தது. அந்தக் கூட்டத்தில் வாப்பா செய்யாமல் விட்டதும் அதைத்தான்.

நமது கவிஞர்களும் கதைஞர்களும் ஸுலைஹாவை இன்னும் எழுதுவார்கள். எழுதுவோர் அவளுடைய கண்ணையும் கூந்தலையும் கொஞ்சம் விட்டுவிட்டு, அரசவையில் அவள் எழுந்து நின்ற அந்த இடத்தில் தொடங்கினால் நல்லது என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.