பாலத்தின் கீழ் ஒளியலாமா?

அறிவியலைக் கருவாகக் கொண்ட திரைப்படங்களில் பிழை தேடுவது எளிய வேலை. காற்றே இல்லாத விண்வெளியில் வெடியோசை கேட்கிறதே என்று சிரித்துவிட்டுப் போகலாம், யாருக்கும் கேடில்லை. ஆனால் 1996-ல் வெளிவந்த ‘ட்விஸ்டர்’ என்னும் அமெரிக்கப் படத்தின் பிழை அத்தகையதன்று. அதை நம்பினால் உயிர் போகும்.

படத்தின் உண்மையான கதாநாயகன் ‘டொர்னாடோ’ என்னும் சுழற்காற்றுதான். நம் வங்கக் கடற்புயலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது, நாட்கணக்கில் நீடிப்பது. சுழற்காற்றோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலந்தான். பல வேளைகளில் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் மிகக் கடுமையானவற்றின் வேகத்துக்கு எந்தப் புயலும் ஈடாகாது.

அது எவ்வாறு பிறக்கிறது? அதை அறியத்தான் படத்தின் ஆய்வாளர்கள் ஊர் ஊராக ஓடுகிறார்கள். என்ன அறிந்தார்கள் என்பதை மட்டும் நமக்குச் சொல்வதில்லை! நாமே பார்ப்போம். இளவேனிற் காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று ஓக்லஹோமா, கான்சாஸ் சமவெளிகளுக்கு வருகிறது. மேற்கிலிருந்து வறண்ட காற்று அதன்மேல் பரவுகிறது. கீழே தென்காற்று மெதுவாகவும், உயரத்தில் மேல்காற்று விரைவாகவும் வீசுவதால் இடையிலுள்ள காற்று உருளத் தொடங்குகிறது. இரு உள்ளங்கைகளுக்கும் இடையே பென்சிலை வைத்து ஒரு கையை மட்டும் நகர்த்திப் பாருங்கள். பென்சில் உருளும் அல்லவா? இடிமேகத்தினுள் மேலெழும் காற்று இந்தப் படுத்த உருளையை நிமிர்த்திவிடுகிறது, மேகமே சுழல்கிறது. அச்சுழற்சி தரையருகே குறுகி விரைவுபட்டால் அதுவே சுழற்காற்று.

படத்தில் வரும் ‘டோரதி’ கருவி வெறும் கற்பனையன்று. 1980-களில் ‘டோட்டோ’ என்னும் பீப்பாய்க் கருவியை ஆய்வாளர்கள் வண்டியில் ஏற்றித் திரிந்தனர். சுழலின் நடுவே அதை வைக்க முடியவில்லை. 2003-ல் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் டிம் சமாரஸ் தரையில் வைத்த சிறு கருவி 100 மில்லிபார் அழுத்தக் குறைவைப் பதிவு செய்தது. படம் கண்ட கனவை நனவாக்கிய அதே மனிதர், 2013-ல் எல் ரேனோவில் 4 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற சுழற்காற்றில் மகனோடும் தோழரோடும் மடிந்தார். துரத்தலைத் திருவிழாவாகக் காட்டும் காட்சிகளை இன்று என்னால் ரசிக்க முடியவில்லை.

பெரும்பிழைக்கு வருவோம். நாயகனும் நாயகியும் ஒரு சிறு பாலத்தின் கீழ் ஒதுங்குகிறார்கள். வண்டி பறக்கிறது, அவர்கள் பிழைக்கிறார்கள். முடிவில் தோல்வாரால் குழாயில் தங்களைக் கட்டிக்கொண்டு, மிகக் கொடிய சுழலின் நடுவிலும் தப்புகிறார்கள். கொல்வது காற்று மட்டுமன்று. அது வீசும் மரத்துண்டும் தகரமும் கண்ணாடியுமே. தோல்வார் அவற்றைத் தடுக்குமா? பாலத்தின் கீழோ, குறுகிய இடைவெளியில் காற்று இன்னும் விரைவுபடும். சரிவில் ஏறி ஒளிந்தால் மேலும் மோசம். தரையைவிட உயரத்தில் காற்று கடுமை.

1991-ல் கான்சாஸ் நெடுஞ்சாலையில் சிலர் பாலத்தின் கீழ் தப்பிய படக்காட்சி தொலைக்காட்சியில் பரவி, இந்த மூடநம்பிக்கையை வளர்த்திருந்தது. அவர்களைத் தொட்டது வலுக்குறைந்த சுழற்காற்று. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று பாலங்களின் கீழ் மக்கள் ஒதுங்கினர். மூன்றிலும் உயிர்ச்சேதம், பலருக்குக் கொடுங்காயம். அன்றைய பெருஞ்சுழலின் வேகத்தை ராடார் மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் என அளந்தது.

இத்தனைக்கும் சரியான பாடம் படத்தின் முதற்காட்சியிலேயே இருக்கிறது. குடும்பம் நிலவறைக்குள் ஓடுகிறது. உள்ளே பதுங்கிய தாயும் மகளும் பிழைக்கிறார்கள். நிலவறை இல்லையேல் கீழ்த்தளத்தில் சன்னலற்ற உள்ளறையில் குனிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும். சக்கர வீட்டில் இருப்போர் முன்னதாகவே வெளியேறிவிட வேண்டும்.

2024-ல் வந்த ‘ட்விஸ்டர்ஸ்’ படத்தின் தொடக்கத்தில் இளைஞர்கள் நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ்தான் ஒதுங்குகிறார்கள். காற்று அவர்களை ஒவ்வொருவராகப் பறித்துச் செல்கிறது. ஒருத்தி மட்டுமே மிஞ்சுகிறாள். 28 ஆண்டு கழித்தேனும் திருத்தினார்களே! ஆனால் அப்படமும் இரசாயனப் பொடி தூவிச் சுழற்காற்றை அடக்குகிறது. அப்படியொரு பொடி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.