உப்புக்காற்றில் ஒரு ஸ்பிரைட்

திருகோணமலை உப்புவெளியில் நண்பர் ஒருவரின் வளவுக்குள், தகரக் கொட்டகையின் கீழ் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஒன்று நிற்கிறது. கடும் பச்சை நிறம். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். சாவியைத் திருப்பி இழுத்தவுடன் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. கதவு மட்டும் ஒழுங்காகச் சாத்துப்படுவதில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். நிலத்தில் படுத்து, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து மெல்ல அழுத்தினேன். கராஜில் அந்தச் சட்டத்தைச் ‘சில்’ என்பார்கள். பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இழுத்தபோது கறள் நொறுங்கிய அப்பளம்போல உதிர்ந்தது. சிமெந்துப் பைத் தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து, அதன்மேல் விரல் தடிப்புக்குப் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். நண்பர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பழைய பிரித்தானியக் கார்களை வீட்டில் வைத்தே திருத்தி, புதுக்கி, மேம்படுத்தும் பழக்கம் எனக்கு நெருக்கமானது. நெருக்கமானது என்பதால்தான் அந்தத் தாளை என்னால் மறக்க முடியவில்லை. நம்மிடம் கைத்திறன் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. ஆனால் வேலையை மேலிருந்து தொடங்குகிறோம். நிறம், சத்தம், வேகம் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, உடலையும் பிறேக்கையும் காசு மிஞ்சினால் பார்க்கலாம் என்று விடுகிறோம். கடலோர ஊரில் இந்த வரிசை ஆளைக் கொல்லும்.

முதலில் இதன் பலத்தைச் சொல்ல வேண்டும். ஸ்பிரைட் 1958 மே மாதம் அறிமுகமானது. பொனற்றின்மேல் விழித்துக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்குகளால் முதல் வடிவத்துக்குத் ‘தவளைக் கண்’ என்று பெயர் வந்தது. வெளியே கதவுப் பிடி கிடையாது, டிக்கிக்கு மூடி கிடையாது. கையில் அதிகம் காசில்லாதவரும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சாதாரணக் கார்களின் சாமான்களிலிருந்தே அதைக் கட்டினார்கள். மொறிஸ் மைனர் 1000இல் இருந்த அதே ‘ஏ’ வரிசை 948 சிசி எஞ்சின்தான் இதிலும். ஸ்டியரிங் ராக் மைனருடையது. முன் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ35இலிருந்து வந்தது. இலங்கைக்கு இது பெரிய வரம். ஸ்பிரைட்டுக்கு இங்கே சாமான் கிடைக்காது என்று கைவிரிப்பவர்கள், பக்கத்து ஒழுங்கையில் மைனர் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பார்ப்பதில்லை. மிச்சத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது. இரவு ரயிலேறிப் போய், மறுநாள் இரவு ரயிலில் பையோடு திரும்பிவிடலாம்.

இந்த வண்டிகள் மனிதக் கைக்கு இடம் விட்டவை. தவளைக் கண்ணின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கப்படும், எஞ்சினைச் சுற்றி மூன்று பேர் நிற்கலாம். வால்வு இடைவெளி 12 தவு (தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பொயின்ற் இடைவெளி 15 தவு. இரண்டு ஃபீலர் தகடும் நாலைந்து ஸ்பனரும் இருந்தால் பாதி ரியூனிங் முடிந்தது. எஸ்.யூ. காபரேட்டரின் டாம்பரைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டுப் பாருங்கள். ‘டிக்’ என்று உலோகச் சத்தத்தோடு விழுந்தால் நல்லது. சத்தமில்லாமல் தயங்கி இறங்கினால் எங்கோ உரசுகிறது. கணினியும் மீற்றரும் இல்லாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எஞ்சின் எப்படி மூச்சு வாங்குகிறது என்று காட்டித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பஞ்சம் இந்தத் திறனைக் கூர்மையாக்கியது. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு காரை ஆயுள் முழுக்க வைத்திருப்பதைத் தவிர வழியில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்குக்குப் பெற்றோல் மறிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்தி வைத்த பெற்றோலில் நாலைந்து சொட்டு காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் இது கைகூடியது. பின்னால் வெள்ளைப் புகை எழும்பும், கண் எரியும், ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மெக்கானிக்குகளுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியது, பெயாரிங்குகள் தேய்ந்தன. அது உயிர் காத்த வித்தை. அதே மனப்பாங்கோடு, ‘எப்படியாவது ஓடினால் சரி’ என்று, நெருக்கடி இல்லாத நாளிலும் ஒரு காரைத் தொடுவதுதான் பிழை. சிமெந்துப் பைத் தாள் அந்த மனப்பாங்கிலிருந்து வந்தது.

அந்தத் தாள் திறன் இல்லாமல் வந்ததல்ல. இங்கிலாந்தில் பாத் நகரின் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களில் மைனரின் உடற்பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனார். நம் நாட்டு டிங்கர்கள் தட்டிய தகடு ஆங்கிலேயரின் மைனர்களில் ஒட்டிக்கொண்டு ஓடியது. அப்படியானால் 18 கேஜ் தகட்டில் ஒரு சில்லை மடித்தெடுக்க நம்மவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வாங்குபவர் பெயின்டைப் பார்த்துக் காசு கொடுக்கிறார், அதனால் திருத்துபவர் பெயின்டைச் செய்கிறார்.

உப்புவெளி, உவர்மலை என்று இடப்பெயர்களிலேயே உப்பிருக்கும் ஊர் இது. உட்துறைமுகத்திலிருந்து வரும் காற்று இரவில் தகட்டில் படிந்து, காலைப் பனியில் கரைந்து, பெட்டிச் சட்டங்களுக்குள் இறங்கும். அக்கறையோடு கழுவுகிறோம் என்று உவர்க் கிணற்றுத் தண்ணீரையே வாளி வாளியாக ஊற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய இடத்தில் அந்தக் கார் நின்றதா என்பது இந்த மாவட்டத்தில் பழைய வண்டி வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி. ஸ்பிரைட்டுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தளமும் சில்லும் சேர்ந்தே முதுகெலும்பு. முதல் வடிவங்களில் பின் ஸ்பிரிங்குகளின் பாரமும் தளத்தின் பின்முனையிலுள்ள பெட்டிகளில்தான் போய்க் குந்தும். அங்கே கறள் என்றால் கார் நடுவில் தொய்கிறது. நண்பரின் கதவு சாத்துப்படாததற்குக் காரணம் கதவல்ல.

வீட்டில் செய்பவர்கள் இதில் இன்னொரு தவறையும் விடுகிறார்கள். கறள் பிடித்த சில்லை ஆவேசத்தோடு வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை வெல்ட் பண்ணுகிறார்கள். வெட்டிய அந்த நேரத்தில் உடல் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தத் தொய்வோடேயே புது இரும்பு ஒட்டிப்போகும். வெட்டுமுன் தளத்தை மட்டம் பார்த்துத் தாங்கு கொடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்தி, கதவைத் தொங்கவிட்டு இடைவெளியை அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இங்கிலாந்தில் எம்.ஜி.பி. காருக்கு 1988இலிருந்து பழைய அச்சுகளிலேயே புது உடல் அழுத்தி எடுத்து விற்கிறார்கள். காசிருந்தால் உடலையே மாற்றலாம். நமக்கு அந்த வசதி இல்லாததால், இருக்கும் உடலை அளந்து காப்பாற்றும் கடமை கூடுகிறது.

எஞ்சின் மாற்றம் பற்றி ஊரில் சண்டையே நடக்கும். நிசான் சனி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்திவிட்டு ‘இனி ஒரு தொல்லையுமில்லை’ என்பார்கள். இதைத் துரோகம் என்று சொல்ல நான் தயாரில்லை. 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டிலிருந்து ஜப்பானில் ஏ40 சமர்செட்டைப் பூட்டித்தான் நிசான் நிறையத் தொழில் பழகியது. யாழ்ப்பாணத்து ஏ40உம் அந்த நிசானும் ஒருவகையில் ஒரே பள்ளிக்கூடம். என் முறைப்பாடு வேறு. முதல் ஸ்பிரைட்டில் இருந்த வலு 43 குதிரைச் சக்தி. அதற்கேற்ப நாலு சக்கரத்திலும் ஏழு அங்குல டிரம் பிறேக், ஒரே குழாய்ச் சுற்று. எங்கேனும் ஒரு ரப்பர் கசிந்தால் நாலும் போச்சு. 1962இல் எஞ்சினை 1098 சிசி ஆக்கிய அதே கையோடு தொழிற்சாலை முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் கொடுத்தது. நாம் வலுவைக் கூட்டிவிட்டுப் பழைய டிரம்மோடு கந்தளாய்ப் பாதையில் இறங்குகிறோம். டொக்யாட் வீதிப் பக்கம் நான் பழகிய வயதான மெக்கானிக் ஒருவர் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே கோபப்படுவார். “தம்பி, எஞ்சின் வேலை செய்யாட்டி வீட்டில நிற்கலாம். பிறேக் வேலை செய்யாட்டி எங்க போய் நிற்கிறது?”

ஆகவே மேம்படுத்தல் என்றால் என் கணக்கில் முதலிடம் டிஸ்க் பிறேக்குக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கும். அடுத்தது, 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்ட பிறகு இந்த எஞ்சின் தலைகளுக்கு வேண்டிய கடின வால்வு இருக்கைகள். இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது, யாரும் படம் எடுக்கவும் மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பழைய பிறேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றி வாயால் ஊதும் பழக்கத்தை முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளுக்காகவாவது விட வேண்டும். அடித்தளத்தில் கழிவு ஒயில் விசிறுவது உப்பை மறிக்கிறது, உண்மைதான். ஆனால் அது சொட்டுச் சொட்டாக இறங்குவது நாம் குடிக்கும் கிணற்றுக்கு. மெழுகு விலை கூடத்தான், இருந்தாலும் மெழுகையே சொல்வேன்.

‘ஒறிஜினல்’ என்ற சொல் எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. ஸ்பிரைட்டுகளைப் பூட்டிய அபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அதன் வாசலிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததுபோல ஆக்குவதே உயர்ந்த புதுக்கல் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் இந்தக் கார் அபிங்டனில் சில நாள் இருந்திருக்கும், இங்கே அறுபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது. அதன் முன்னால் சிங்கள ‘ஸ்ரீ’ பொறித்த இலக்கத் தகடு இருக்கிறது. அந்த எழுத்து 1957இல் வந்தது. தமிழர்கள் தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். அடுத்த வருடம் சிங்கள ஸ்ரீயின்மேல் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. மொன்டே கார்லோவில் பத்திரிகையாளருக்கு ஸ்பிரைட்டைக் காட்டிய அதே 1958 மே மாதத்தில் இங்கே வீடுகள் எரிந்தன. நண்பர் அந்தத் தகட்டைப் புதுத் தகடாக அடித்து மினுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுத்து எனக்குப் பிடித்ததனால் அல்ல. அதன் ஓரத்தில் கறுப்பாய் ஏதோ காய்ந்து கிடக்கிறது. தாரா, பழைய பெயின்டா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சுரண்டி எடுக்க எனக்கு மனமில்லை. டாஷ்போட்டில் யாரோ துளைத்த ஓட்டைகளையும் அப்படியே விட்டிருக்கிறோம். எதை மாற்றினோம், எதை விட்டோம் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுகிறோம். கழற்றிய பழைய சாமான்கள் எண்ணெய் பூசிய துணியில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகடு காய்ந்திருக்கும், வெல்டிங்குக்கு நல்ல காலம். பெயின்டுக்குத்தான் புழுதி எதிரி. இடது பக்கச் சில் முடிந்துவிட்டது. நேற்று கதவைப் பூட்டி, இடைவெளிக்குள் நெருப்புப்பெட்டிக் குச்சி ஒன்றை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் சிக்கியது. பச்சைப் பெயின்ட் அடிப் பக்கமெங்கும் கருகிப்போய்க் கிடக்கிறது, நண்பருக்கு இப்போது அது கண்ணில் படுவதில்லை. வாடை தொடங்குமுன் வலது பக்கத்தை வெட்ட வேண்டும்.