‘தோப்பு’ என்று பெயர் மாற்றப்பட்டவள்

பழைய தமிழ் விவிலியத்தில் ‘தோப்பு விக்கிரகம்’ என்ற சொல்லைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அசேரா என்ற பெண்தெய்வத்தையும் அவளுடைய மரச்சின்னத்தையும் குறிக்கும் எபிரேயச் சொல் அப்படித் தமிழாகியிருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். சினாய்ப் பாலையின் குந்திலத் அஜ்ருத்தில் 1970களில் கிடைத்த, ஏறக்குறைய 2800 ஆண்டுப் பழைய எழுத்துகள் யாவேயையும் அவருடைய அசேராவையும் சேர்த்தே ஆசி கூறுகின்றன.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா மன்னன் அவள் உருவை எருசலேம் ஆலயத்திலிருந்து அகற்றி எரித்தான் என்கிறது இரண்டாம் இராஜாக்கள் நூல். அவளுக்காகப் பெண்கள் நெய்துவந்த இடங்களையும் இடித்தான். ஒரே கடவுளை நோக்கிய நகர்வைச் சிந்தனையின் வளர்ச்சி என்றே நமக்குக் கற்பித்தார்கள். நெசவை இழந்த பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவர்களைப் போன்றவர்கள் எரேமியா 44ஆம் அதிகாரத்தில் பேசுகிறார்கள். எகிப்துக்குத் தப்பிய யூதப் பெண்கள், வானராக்கினிக்குப் படைத்த காலத்தில் பசியறியாதிருந்தோம், நிறுத்தியபின்தான் எல்லாம் இழந்தோம் என்று தீர்க்கதரிசியிடமே வாதிடுகிறார்கள். கணவர்கள் அறியத்தான் பணியாரம் சுட்டோம் என்கிறார்கள்.

பல தெய்வங்கள் இருந்த காலமும் பெண்களின் பொற்காலமல்ல. அரியணையும் பூசையும் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. ஆனாலும் அடுப்படியிலும் தறியிலும் பெண்களுக்கு ஒரு வழிபாடு இருந்தது. அவர்களைக் கண்டிக்க எழுதிய நூலே அவர்கள் வாதத்தைக் காத்துவைத்திருக்கிறது. அதனால் அந்நூலை நான் மூடிவைக்கவில்லை. யோசியாவின் கதையில் ‘தோப்பு விக்கிரகம்’ வரும்போது, அசேரா என்று வாய்விட்டு வாசிக்கிறேன்.