காலைப் பூட்டும் பெடல்: கழற்றுவதில் இருந்து தொடங்குங்கள்

காலைப் பெடலோடு பூட்டிக்கொண்டு சென்னைச் சாலையில் சைக்கிள் ஓட்ட முடியுமா? தாராளமாக முடியும். ஷிமானோ எம்520 பெடல், ஷூவின் அடியில் மாட்டிப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் எஸ்ஹெச்56 க்ளீட், நடக்க வசதியான ஒரு ஷூ. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் சேர்க்கை இதுதான். நாய், ஆட்டோ, திடீர் யூ-டர்ன் எல்லாம் உள்ள சாலையில் எவ்வளவு உறுதியாகப் பூட்டுகிறது என்பதைவிட எவ்வளவு சுலபமாகக் கழல்கிறது என்பதைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தப் பெடல்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பனிச்சறுக்குக் காலணிகளைப் பூட்டும் கருவிகள் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984இல் சாலை சைக்கிளுக்கான பெடலைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி ஃபிரான்ஸை வென்றார். தோல்வாரில் காலைக் கட்டிக்கொண்டிருந்த பந்தய வீரர்கள் ஒவ்வொருவராக மாறத் தொடங்கினார்கள். மூன்று போல்ட்டில் மாட்டும் அகலமான பிளாஸ்டிக் க்ளீட் அந்த வழி வந்தது. 1990இல் ஷிமானோ மலை சைக்கிளுக்காக எஸ்பிடி முறையை வெளியிட்டது. இதில் சின்ன எஃகு க்ளீட், இரண்டே போல்ட். ஷூவின் அடிப்பாகத்தில் உள்ள பள்ளத்துக்குள் அடங்கிவிடும்.

அந்தப் பள்ளம் சின்ன விஷயமாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) முட்டுக்காடு தாண்டி டீக்கடையில் நிற்கும்போதுதான் அதன் அருமை புரியும். மூன்று போல்ட் ஷூக்காரர்கள் குதிகாலை ஊன்றி வாத்து நடை நடப்பார்கள். ஒவ்வொரு நடைக்கும் பிளாஸ்டிக் தேயும். எஸ்பிடி ஷூவில் சாதாரணமாக நடந்துபோய் டீ வாங்கி வரலாம். டியூப் பஞ்சராகி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் நாளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. வழவழப்பான டைல்ஸ் தரையில் மட்டும் பார்த்து நடக்க வேண்டும், எஃகு வழுக்கும்.

எஸ்பிடி குடும்பத்தைச் சேர்ந்த எம்520 ஒரு ஜோடி சுமார் 380 கிராம். எடை குறைந்த பெடல்கள் நிறைய இருக்கின்றன. தொடங்குகிறவர் அதற்காகக் காசு கொட்ட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பூட்டு இருப்பதுதான் இதன் பலம். சிக்னல் பச்சையானதும் பெடலைப் புரட்டித் தேட வேண்டாம். க்ளீட்டின் முன்முனையைப் பெடலின் முன் கொக்கியில் நுழைத்து அழுத்தினால் பின்னால் உள்ள ஸ்பிரிங் தாடை விலகி, 'டக்' என்று கவ்வும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும்.

பெட்டியில் வருவது கருப்பு எஸ்ஹெச்51 க்ளீட். பக்கவாட்டில் திருப்பினால்தான் அது கழலும். எஸ்ஹெச்56 தனியாக வாங்க வேண்டும். பதற்றத்தில் காலைக் கோணலாக மேலே இழுத்தாலும் அது விட்டுவிடும். எழுந்து நின்று வேகம் பிடிக்கும்போது வேண்டாத நேரத்தில் கழலக்கூடும் என்பது அதன் குறை. ஆரம்பத்தில் அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம். கால் பழகியதும் 51க்கு மாறிக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். 3 மி.மீ. ஆலன் கீயால் குறைப்புக் குறி உள்ள பக்கம் திருப்பினால் 'டிக், டிக்' என்று படிப்படியாக இளகும். இரண்டு பெடலிலும் இரண்டு பக்கமும், ஆக நான்கு ஸ்க்ரூ. நான்கிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் இளகி இருந்தால் கால் எதையும் நம்பிப் பழகாது. பெடலைக் கிராங்கில் மாட்ட 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். மரையில் கிரீஸ் தடவுங்கள். க்ளீட் போல்ட்டுக்கும்தான், கடற்கரைக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் துரு பிடித்து, பிறகு ஆலன் கீ வழுக்கும்.

க்ளீட்டைப் பொருத்துவதற்கு நேரம் ஒதுக்குங்கள், முட்டியின் நலம் அதில் இருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே பாதம் புடைத்திருக்கும் எலும்பை ஷூவுக்கு வெளியே தடவிப் பார்த்து ஒரு குறி போடுங்கள். பெடல் அச்சு அந்தக் குறிக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ வரட்டும். அடுத்தது கோணம். உயரமான மேசை மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பலருக்குப் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும். க்ளீட்டை அதற்கேற்பத் திருப்ப வேண்டும், நேராக்குகிறேன் என்று காலோடு மல்லுக்கட்டக் கூடாது. முட்டி வலித்தால் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கோணத்தையும் சீட் உயரத்தையும் மறுபடி பாருங்கள்.

பழகுவதற்குச் சுவர் போதும். ஒரு கையை ஊன்றிக்கொண்டு பூட்டுங்கள், கழற்றுங்கள், யோசிக்காமல் வரும்வரை. பிறகு காலி மைதானம். நம் ஊரில் இடது கால் ஊன்றுவதே நல்லது. வண்டிகள் வலப்பக்கம் போகும், நடைபாதை விளிம்பு இடப்பக்கம் கிடைக்கும், செயினும் வலப்பக்கம். நிற்பதற்கு வெகு முன்பே, பெடல் கீழே வரும்போது இடது காலைக் கழற்றிவிட்டு, உடம்பை இடது பக்கமே சாய்த்து நில்லுங்கள். இடது காலைக் கழற்றிவிட்டு வலது பக்கம் சாய்கிறவர்தான் விழுவார்.

பூட்டிய காலால் பெடலை மேலே இழுத்தால் இரட்டிப்புச் சக்தி என்று கடைகளில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். தேர்ந்த வீரர்களே பெரும்பாலும் கீழே அழுத்தித்தான் ஓட்டுகிறார்கள். கிடைக்கும் லாபம் வேறு. பாதம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். மழையில் வழுக்காது. மேடுபள்ளத்தில் கால் துள்ளி விலகாது. வேகமாக மிதிக்கும்போதும் கால் நிதானமாகச் சுழலும். நீண்ட தூரம் போகிறவருக்கு இது போதுமான காரணம்.

மண் தரையில் இறங்கி நடந்தபின் பூட்டு விழவில்லை என்றால் க்ளீட் பள்ளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கும், சாவி முனையால் நெம்பினால் வந்துவிடும்.

செருப்போடு கடைக்குப் போகவும் அதே சைக்கிளை எடுப்பவர்களுக்கு எம்520 சரிப்படாது. காலை வைக்க அதில் இடமே இல்லை. அவர்கள் ஷிமானோவின் இஹெச்500ஐப் பார்க்கலாம். அதில் ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் தட்டையான சாதாரணப் பெடல்.