காட்டுப்பூனைன்னு எதைச் சொல்றோம்?

பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன என்ற கணக்கு அமெரிக்காவுக்கானது. லாஸ், வில், மர்ரா மூவரும் 2013ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதியது.

முழுசா படிச்சேன். யாரும் நேரில் எண்ணவில்லை, எல்லாம் மாதிரிக் கணக்கு. வளர்ப்பவர் இல்லாத பூனைகள் 3 கோடியிலிருந்து 8 கோடி வரை என்று உள்ளே கொடுத்தால், விடையும் அப்படி அகலமாத்தான் வரும். ஆசிரியர்கள் அதை மறைக்கவில்லை. பகிர்கிறவர்கள்தான் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதிகம் கொல்வது வளர்ப்பவர் இல்லாதவையே என்ற முடிவை நான் ஏற்கிறேன்.

எனக்கு உறுத்துவது தமிழில் எழுதும்போது வரும் சிக்கல். சோறு வைக்கிற இடத்தில் கூட்டமாகத் திரியும் 'ஃபெரல்' பூனையைக் காட்டுப்பூனை என்று எழுதிட்டா போச்சு. காட்டுப்பூனை தனி இனம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் விலங்கு.

காவலூர் வானாய்வகம் போற ரோட்டில், அந்தி நேரம், ஒன்று குறுக்கே போச்சு. நீண்ட கால், காது நுனியில் கருப்பு மயிர், கட்டை வால். காட்டுப்பூனையேதான். கொஞ்ச தூரத்தில் டீக்கடை வாசலில் மூணு ஊர்ப்பூனைகள். இரண்டுக்கும் எலி, ஓணான், சிறு பறவைதான் இரை; ஒன்றின் நோய் மற்றதுக்கும் தொற்றும்.

'காட்டுப்பூனைகளைப் பிடிக்க வேண்டும்' என்று யாராவது எழுதினால், கூண்டு எதுக்கு வைப்பார்கள்? நான் இனி 'அலைபூனை'ன்னு எழுதப்போறேன். நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.